குறி போட்ட கால்

தம்பிக்கு,

டாக்டர்கள் தவறுக்காகப் போடும் வழக்குகளில் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வந்தால் வைத்தியச் செலவு குறையும் என்று டாக்டர்கள் சங்க மேடையில் நீ பேசியபோது, விசிலடிக்காத குறையாகக் கை தட்டியவர் உன் அத்தான்தான். சட்டமும் வந்துவிட்டது.

அவருக்குப் புற்றுக்கட்டி இருந்த காலில்தான் பேனாவால் குறி போட்டார்கள். குளிருகிறது என்றார், நர்ஸ் இரண்டு காலுக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டாள். ஆபரேஷனில் நல்ல காலை எடுத்துவிட்டார்கள். பிறகு மற்றதையும்.

“கிடைக்கிற தொகை கேஸ் நடத்தவே பத்தாதும்மா” என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். பில் கவுண்டரில், “சட்டம் வந்தும் ரேட் குறையலையா?” என்று கேட்டேன். “அது வேற, இது வேறம்மா” என்றாள் அந்தப் பெண்.

உன்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் இன்னமும், “கால் குளிருது, சாக்ஸ் மாட்டிவிடு” என்கிறார்.

மாட்டிவிட்டேன் என்கிறேன்.

அக்கா