இறக்கிவிட்ட தோள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கொழும்பில் நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணைக் கம்ப்யூட்டரில் செய்து நடக்க வைத்திருக்கிறேன். உடம்பில் ஒரு பக்கத்தைச் செய்தால் போதும், மறுபக்கத்தைக் கம்ப்யூட்டரே அதே அளவில் செய்துவிடும். அப்படித்தான் செய்தேன். நடந்தாள், ஆனால் நம் தோட்டத்தில் யாரும் அப்படி நடப்பதில்லை. அதனால் ஒரு தோளை நானே இறக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் மிஸ், "தோள் சமமா இல்லையே, இது பிழை. திருத்தாட்டி பாஸ் பண்ண ஏலாது" என்றார். பயப்படாதீர்கள், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொழுந்துச் சாக்கைச் சுமந்து இறங்கிய தோள், இது என் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசியாகக் காட்ட வேண்டும். நான் திருத்தவில்லை. அன்று சொல்லிவிடுவேன்.

நீங்கள் கொழுந்து நிறுக்கப் போகும்போது தங்கச்சியைப் பின்னாலிருந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவள் எடுக்கிறாள் என்று நிமிர்ந்துவிடாதீர்கள். போனில் கேட்டால் என் கவலையைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதுதான் கடிதம் எழுதுகிறேன். கொஞ்சம் தேயிலைத் தூளும் அனுப்புங்கள். இங்கே தேத்தண்ணி நம் வீட்டு ருசியில் வருவதில்லை.

ஹட்டன் பஸ்ஸுக்குப் புறப்பட்ட பரிமளம் அக்கா இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். வீடியோவை மறந்துவிடாதீர்கள். நான் இறக்கியது வலது தோள். உங்களுக்கு எந்தத் தோள் என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா.

உங்கள் மகள்,
ரூபிகா