மாணிக்கத்தைச் சிங்கமாக்கிய போஸ்டர்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயிலடிச் சுவரில் யாரோ போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிய மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது.

இரும்பு ரோலிங் மில்லில் நீங்கள் தொழிலாளி, நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. உங்கள் சங்கத்தில் சேர முடியாது. ஆனாலும் பகல் சாப்பாடு உங்களோடுதான். அந்த வருடம் சங்கச் செயலாளர் பதவிக்கு நீங்கள் நின்றீர்கள். எதிரே மாணிக்கம், பேசித் தீர்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர். பக்கத்து மில் கதவடைப்பில் கிடந்த நேரம். உங்கள் ஆட்களின் வீட்டுப் பெண்கள்கூட, "மாணிக்கம் வந்தா மில்லு ஓடும்" என்றார்கள். அந்தப் பெயரை உடைக்காமல் ஜெயிக்க முடியாது. திட்டினால் அனுதாபம் அவருக்குப் போகும். அதனால் புகழ்வது என்று முடிவு செய்தீர்கள்.

"சாரு, அவரு ஆளுங்களே ஒட்ன மாதிரி இருக்கணும். 'கேட்டை இழுத்துப் பூட்ட வரும் சிங்கமே!' எப்டி? பாத்தவன் மில்லு மூடிடும்னு பயந்துடுவான்" என்றீர்கள் என்னிடம்.

"இது சரியா வருமா?" என்றேன்.

"டீ குடிக்கறதுக்கே சரியா வருமான்னு கேக்கற ஆளு நீ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதையும் சந்தேகிக்கிறவனின் சந்தேகத்தை யார் மதிப்பார்கள்?

போஸ்டர் மாணிக்கத்தின் ஓட்டைக் குறைக்கவில்லை, மாணிக்கத்தையே மாற்றிவிட்டது. காண்ட்ராக்ட் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மில் வாசலில் நடந்த கேட் கூட்டத்தில் அந்தச் சாந்தமான மனிதர், "ஆமா, பூட்டத்தான் போறேன்!" என்று கத்தினார். நிர்வாகம் முந்திக்கொண்டு தானே கதவடைக்கப் போகிறது என்று டைம் ஆபீஸில் பேச்சு அடிபட்டது. உங்களிடம் வந்து சொன்னேன். சாப்பிட்டது பாதி, டிபன் டப்பாவை மூடிவிட்டீர்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு எளாவூரில் அவர் வீட்டுக்குப் போனீர்கள்.

"அண்ணே, அந்தப் போஸ்டரு எங்க வேல. நீ பழையபடி பேசு. மில்ல மூடிடுவாங்க."

"பசை காயறதுக்குள்ளயே தெரியும்பா" என்றார் மாணிக்கம். "இத்தினி வருசமா பொறுமையா பேசிக்கினு கீறேன், ஒருத்தன் கை தட்னது இல்ல. இப்ப என் புள்ளயே, 'இன்னா நைனா, கலக்கறே'ங்கறான். அத எப்டிப்பா வுடறது?"

இருவரும் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த கேட் கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "போஸ்டர் ஒட்னது நாங்க. அவரு சிங்கமெல்லாம் கெடயாது. உக்காந்து பேசற மனுசன். எனக்கு அது புடிக்காது. ஆனா மில்லு ஓடணும்னா இப்ப அதான் வேணும்."

"அப்ப நீ இன்னாத்துக்குபா நிக்கற?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்கவே இல்லை. நீங்களும் சிரித்தீர்கள்.

தோற்றீர்கள். ஆனால் சிங்கப் பட்டம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது. ஜெயித்த மாணிக்கம் பழையபடி நிர்வாகத்தின் எதிரே மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினார். மில் ஓடியது. நான் ஓய்வு பெறும்வரை ஓடியது.

இப்போது எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது நிதானமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தால் நான் கை தட்டுகிறேன். பெரும்பாலும் நான் ஒருவன்தான். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். காது சூடாகிவிடுகிறது. ஆனாலும் பேசியவருக்குக் கேட்கும்வரை தட்டுகிறேன்.