தூக்கிப் போட்ட மாத்திரை

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே வெயில். தண்ணீர் கேன் இரண்டு சொல்ல வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். இடது காது இரைகிறது. இன்றோடு ஏழாம் நாள்.

இதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும், அதற்குத்தான் இந்த டைரி. கம்பெனியில் கொடுத்தது. முதல் பத்துப் பக்கம் வாஷர் அளவுகள். என் மனைவி ஸ்டெல்லா தொடவே மாட்டாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப், இருபத்திரண்டு வருஷம். இப்போது இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். இரண்டு வருஷமாகக் காதுக்குள் ஒரு கீச்சொலி, கெட்டுப்போகப் போகிற டியூப் லைட் போல. டாக்டர் மாத்திரை கொடுத்தார். போன மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சட்டென்று நின்றது. நான்கு நாள் சுத்தமாக இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தத்தைத் தனியாகக் கேட்டேன். அழுகையே வந்துவிட்டது.

அந்த ஞாயிறு சபை ஆராதனையில் சாட்சி நேரம், கிடைத்த நன்மையை எழுந்து சொல்வது. யாரும் எழுப்பிவிடவில்லை, நானேதான் எழுந்தேன். "சத்தம் நின்னுடுச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அது உண்மை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். முன் வரிசையில் அல்லேலூயா. பின்னால் கீபோர்டு மெல்ல ஆரம்பித்தது. கையில் மைக். "மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்" என்று வாயில் வந்துவிட்டது. கைதட்டல்.

தூக்கியெல்லாம் போடவில்லை. அட்டை தீர்ந்துபோயிருந்தது. மெடிக்கலுக்குப் போகச் சோம்பல்.

செவ்வாய்க்கிழமை டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டிருக்கும்போது அதே கீச். போனது போலவே வந்தது.

அதற்குள் சபையில் என் சாட்சியை வீடியோ போட்டாயிற்று. ஸ்டெல்லா நாசரேத்தில் இருக்கிற அவள் அம்மாவிலிருந்து சவூதியில் இருக்கிற சித்தி மகன் வரை அனுப்பிவிட்டாள். நேற்று பாஸ்டர் அறிவித்தார்: வருகிற 13 ஞாயிறு விசேஷ சாட்சிக் கூட்டம். முதல் பெயர் என்னுடையது.

ஜூலை 8, செவ்வாய்

மேனாம்பேடு முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். என் போட்டோ, கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. கீழே "செவிடாயிருந்தவர் கேட்கிறார்". நான் எப்போது செவிடாக இருந்தேன்? யார் எழுதியது, பிரிண்டர் எழுதியதா?

தணிகாசலம் பார்த்துவிட்டான். பக்கத்து பிரஸ் மெஷினை ஓட்டுகிறவன். மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவன், அவன் தாத்தா உழுத நிலத்தில்தான் எங்கள் ஃப்ளாட் இருக்கிறது. டீ டைமில் வந்து நின்றான்.

"இன்னா மாமே, நீ செவிடாமே? இத்தினி வருஷமா எங்கூட பேசிகினு இருந்தது யாரு?"

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு, "நெஜமா சரியாயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவனுக்கும் வலது காது போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மதியம் ஒரு டிரே பிராக்கெட் முழுக்க ரிஜெக்ட் என்று சிவப்புப் பெட்டியில் போட்டேன். ஓரத்தில் பிசிறு, நகத்தில் தடவினால்தான் தெரியும். சூப்பர்வைசர் கெஞ்சினார், விடவில்லை. இதில் மட்டும் நான் ரொம்ப நேர்மை.

ஜூலை 9, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஸ்டெல்லா சந்தோஷமாகச் சொன்னாள். எஸ்தர் அக்கா பெனிட்டாவுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து. "உங்க சாட்சியை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாங்களாம். பிரதர் தூக்கிப் போடும்போது எனக்கென்ன அவிசுவாசம்னு கேட்டாங்களாம்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

எஸ்தர் அக்கா திருநின்றவூரிலிருந்து ரயிலில் சபைக்கு வருகிறவர்கள். கணவர் இல்லை. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார்கள். பெனிட்டா ஒரே பிள்ளை, பிளஸ் ஒன். பத்து வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில்தான் கட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பிள்ளை தினமும் ரயிலில் ஆவடிக்குப் படிக்கப் போகிறது. பிளாட்பார ஓரத்தில் நிற்கும்.

"எதுக்கும் டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தலாம்ல" என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்க கேட்டீங்களா?"

ஜூலை 10, வியாழன்

வேலையில் சும்மா கேட்பது போல் தணிகாசலத்திடம் கேட்டேன். அவன் மச்சானுக்கு வலிப்பு உண்டு.

"ஒரு வேளகூட நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு மாமே. நல்லாதான கீறேன்னு ஒரு தபா வுட்டான். அடுப்பு மேலயே வுழுந்தான். இன்னும் கையில தழும்பு கீது. இன்னாத்துக்குக் கேக்குற?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஆறு மணிக்கு நேராகப் பாஸ்டர் வீடு. நல்ல மனுஷன். என் அப்பா இறந்தபோது பிரேதத்தோடு வேனில் ஊர் வரை வந்தவர். குறை சொல்ல வாய் வராது. சத்தம் திரும்பிவிட்டதைச் சொன்னேன்.

"அறிகுறியைப் பாக்காதீங்க பிரதர். சுகம் கிடைச்சாச்சு. சரீரம்தான் இன்னும் ஒத்துக்கல."

பெனிட்டா விஷயத்தைச் சொன்னேன்.

"நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்ல. பிரசங்கத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா? அது அந்த அம்மாவோட விசுவாசம். நான் போய் குறுக்க நின்னா நாளைக்கு யார் எழுந்து சாட்சி சொல்லுவா?"

பாஸ்டரம்மா சர்க்கரை இல்லாத காபி கொண்டுவந்தார்கள். ஃபிரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் டப்பா, ஏழு நாளுக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் மாத்திரை. நான் அதைப் பார்த்ததைப் பாஸ்டர் பார்த்தார். இரண்டு பேரும் காபியைக் குடித்தோம்.

வாசலில், "ஞாயித்துக்கிழமை சுருக்கமா பேசுங்க" என்றார். அவருக்கும் தூக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

அரை நாள் லீவு. உபவாச ஜெபம். சபை மாடி ஹாலில் கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. பாஸ்டர் பத்து நிமிஷம் மௌன ஜெபம் என்றார்.

மற்றவர்களுக்கு மௌனம். எனக்குக் கீச். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வருவேன். இப்போது கண்ணை மூடினால் நானும் அந்தச் சத்தமும் மட்டும்தான், ஒரே அறையில் வைத்துப் பூட்டினது போல. ஆண்டவரே, இதை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிடும் என்று கேட்டேன். கேட்ட பிறகு அசிங்கமாக இருந்தது.

முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் பெனிட்டா நின்றாள். ஸ்கூல் யூனிபார்ம். அம்மா உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டுமா? நெஜமாவே தூக்கிப் போட்டீங்களா?"

"ம்."

"எங்க போட்டீங்க?"

"குப்பையிலம்மா."

"எனக்குப் பயமா இருக்கு அங்கிள். ஆனா நீங்க போட்டிருந்தீங்கன்னா சரி."

அவள் செருப்பைக்கூட எடுத்து நேராக வைத்துக் கொடுத்தேன். உண்மையைத் தவிர எல்லாம் கொடுத்தேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. சபை நிறைய ஆள் இருக்கும்போது சொன்ன பொய்க்குக் கீபோர்டைக் குறை சொல்லலாம். இதற்கு?

ஜூலை 12, சனி

மதியம் இடி, ஒரு மணி நேரம் நல்ல மழை. ஸ்டெல்லாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். இன்னொரு பொய், கணக்கே இல்லை.

திருநின்றவூர் இறங்கி, தேங்கின தண்ணீரில் நடந்து, எஸ்தர் அக்கா வீடு. ஒரு அறை, அதில் பாதி தையல் மெஷின். பெனிட்டா டியூஷன் போயிருந்தாள். நாற்காலியிலிருந்த புடவைகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள்.

"சத்தம் திரும்பி வந்துடுச்சுக்கா. போன செவ்வாய்க்கிழமைக்கும் முந்தின செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு."

முகம் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

"பயந்துட்டீங்களா பிரதர்? அந்தப் பிசாசு அப்டித்தான் வந்து வந்து மெரட்டுவான். வுட்டுக் குடுக்காதீங்க."

"இல்லக்கா, பெனிட்டாவுக்கு மாத்திரை..."

"ஆறு வருஷமா குடுத்துகினு கீறேன். கொயந்த கிளாஸ்ல தூங்குது. படிச்சது நிக்க மாட்டுது. மொத தபா இந்த வாரந்தான் பளிச்சுனு எழுந்து வந்து எனக்கு டீ போட்டுக் குடுத்துச்சு. நீங்க அன்னிக்கு எழுந்து சொல்லலன்னா எனக்குத் தைரியமே வந்திருக்காது பிரதர்."

சொல்லிவிட்டு எழுந்து வந்து என் இடது காதின் மேல் கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விரலில் ஊசி குத்தின புள்ளிகள். கண்ணீர் விட்டு, எனக்காக, என் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு. நான் ஆமென் சொன்னேன்.

அட்டை தீர்ந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. சத்தம் வந்ததைச் சொன்னால் போதும் என்று நினைத்துப் போனேன், அதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கான தைரியமும் மைக்கைப் பிடித்து நானே கொடுத்ததுதானே. பதில் இல்லாத ஒன்று உண்டென்றால் அது அந்தக் காலி அட்டை.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில் என் காது மாத்திரை வாங்கினேன். ஒரு அட்டை.

ஜூலை 13, ஞாயிறு

காலை 6. ஒன்று போட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா புது சட்டையை இஸ்திரி போடுகிறாள். சொல்லிவிட வேண்டும் இவளிடம். முடியவில்லை. சொன்னால் தடுப்பாள், தடுத்தால் நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மதியம் 3. ஹால் நிரம்பி மாடிப்படியில்கூட ஆள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கீபோர்டு ஆரம்பித்தது. "அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள்.

சொன்னது இவ்வளவுதான்:

"காதுல சத்தம் திரும்பி வந்துடுச்சு. மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்னு சொன்னது பொய். அட்டை தீர்ந்துபோச்சு, வாங்கப் போகல. நேத்து வாங்கினேன். இன்னிக்குக் காலையில போட்டேன்."

பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். ஒரு குழி காலி. அது மைக்கில் உரசிப் படபடவென்று கேட்டது.

பிறகு பாஸ்டர் வந்து என் தோளில் கை வைத்து மைக்கை வாங்கிக்கொண்டார். கோபமில்லாத குரல். "பிரதருக்காக எல்லாரும் கைகளை நீட்டி ஜெபிப்போம்." அத்தனை கைகளும் என்னை நோக்கி நீண்டன. கீபோர்டு மறுபடி. நான் சொன்னது அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது. எஸ்தர் அக்காவின் கையும் நீண்டிருந்தது, கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள்.

பக்கத்தில் பெனிட்டாவின் கை மட்டும் மடியில் இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடியும் முன்பே அவர்கள் இரண்டு பேரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

ஸ்டெல்லா வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள், பிடித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்துகொண்டே, "மைக்ல சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். நியாயம்தான். பிறகு, "அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். போன் கையில் இருக்கிறது. இன்னும் பண்ணவில்லை.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். கேஸ் இன்று வருகிறது. காது இரைகிறது.

சபையில் பழைய வீடியோவை நீக்கவில்லை. நேற்றைய நேரலையில் என் பகுதியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். முக்கில் ஃப்ளெக்ஸும் அப்படியே, மழையில் ஒரு ஓரம் தொங்குகிறது. செவிடாயிருந்தவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி கேட்டில் தணிகாசலம். "இன்னா மாமே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" சத்தம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னேன். வலது காதைத் தேய்த்துக்கொண்டே, "உன் டாக்டரு பேர சொல்லு" என்றான்.

7.50க்கு எஸ்தர் அக்கா நம்பரிலிருந்து மெசேஜ். எழுதியது பெனிட்டா.

"அங்கிள், நீங்க விசுவாசத்துலேருந்து விழுந்துட்டீங்களாம். அம்மா உங்களுக்காக மூணு நாள் உபவாசம். சொல்லச் சொன்னாங்க."

அதன் கீழே ஒரு போட்டோ. மாத்திரை அட்டை, இரண்டு குழி காலி.

"ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு போட்டேன். அம்மா பாத்துட்டேதான் இருந்தாங்க. தண்ணி எடுத்துக் குடுத்தாங்க."

மணி அடித்துவிட்டது, பிரஸ் ஓட ஆரம்பித்துவிட்டது, இன்னும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று இதை எழுதுகிறேன்.