அபூ என்ற அடைமொழி

யாசிரின் அம்மாவுக்கு,

நலம்தானே? வரிசையாக எழுதுகிறேன்:

1. வெளிநாட்டுப் படை வந்தது சரி.
2. எனக்கு ஆபத்தில்லை.
3. தேவைகள்.

தீவிரவாதிகள் எண்ணெய்க் குழாய்களோடு மனிதர்களையும் எரித்தார்கள். இங்கே கிர்க்கூக் நகரில் எங்களால் தடுக்க முடியவில்லை. ஆகவே முதலாவது சரியென்றே நினைக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. ரொட்டிக்கடையில் ஒருவர் கடைக்காரரிடம், "அபூ லைத், ரொட்டியா, செருப்பா இது?" என்று கேலி செய்தார். உடனே என்னோடு வந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் கடைக்காரரைப் பிடித்தார்கள்.

மொழிபெயர்ப்பாளனாக நான் சொன்னேன்: "மூத்த பையன் பேரோட அபூன்னு சேர்த்துத்தாங்க அப்பாவைக் கூப்பிடுவோம்."

"நாங்க தேடுறவன் பேரும் அபூ லைத்துதான்," என்றான் ஒரு சிப்பாய். "உம்மை எப்படிக் கூப்பிடுவாங்க, பெரியவரே?"

"சாபிர்," என்றேன். கடைக்காரர் இன்னும் திரும்பவில்லை.

உலர்ந்த எலுமிச்சையும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. உறையில் அபூ யாசிர் என்று எழுதாதே.

இரண்டாவது தவறு. யாரையாவது அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போ.

சாபிர்