சரிவில் இருந்த பதினோரு செடிகள்

மார்ச் 4

வேர்ச்சாறு விட்ட தட்டில் கிருமி வளரவில்லை. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அது. துளியைச் சுற்றிச் சுத்தமாக ஒரு வட்டம். ஆய்வகமே கைதட்டியது. நானும் சிரித்தேன். வேர் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் மலைக்குப் போனபோது, இலை மட்டும் பறிப்பதாகத்தான் வனக்காவலரிடம் சொல்லியிருந்தேன். அந்த ஒரு சரிவைத் தவிரக் காட்டில் வேறெங்கும் அந்தச் செடியை அவர் பார்த்ததில்லையாம். அவர் ஓடைக்குத் தண்ணீர் பிடிக்கப் போன கால்மணி நேரத்தில் பதினோரு செடியையும் வேரோடு பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். அவர் திரும்பும் முன் நானே கீழே இறங்கிவிட்டேன்.

மார்ச் 9

காவலர் போன் செய்தார். "நம்ம செடி ஒண்ணுகூட இல்லம்மா. காட்டுப்பன்னி கிளறிடுச்சு போல. நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும்."

"இருக்கும்ணே" என்றேன். எப்படித்தான் நாக்கூசாமல் சொன்னேனோ.

மார்ச் 10

காவலரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 17

கூட வேலை பார்க்கும் பெண், அன்று வேரோடு வந்த இலைகளை உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சாறு இறக்கியிருக்கிறாள். தட்டை நீட்டினாள். "அக்கா, இங்க பாருங்க! இலையிலயும் அதே சேர்மம்தான். அளவு கொஞ்சம் கம்மி, ஆனா நல்லா வேலை செய்யுது. வேர் தேவையே இல்லக்கா!"

கை கழுவப் போவதுபோல் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். முதலில் நாலு இலையைப் பறித்து வந்து பார்த்திருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம் எனக்கு — யார் துரத்தினாங்க?

மார்ச் 22

மறுபடி காவலர். சரிவைச் சுற்றி முள்வேலி கட்டுகிறாராம். மண்ணுக்குள் வேர்த்துண்டு ஏதாவது மிச்சமிருந்தால் துளிர்க்குமாம். "பன்னி இனிமே வராதும்மா, கவலப்படாதீங்க."

என்னைத் தேற்றுகிறார். என்னை!

மார்ச் 23

போனேன். அவர் கையெல்லாம் முள் கீறல்.

"பன்னி இல்லண்ணே. நான்தான்."

கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "நான் போன்ல பேசினப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். காவல் அறையில் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அவர் எழுதியிருந்த 'காட்டுப்பன்றி'யை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

ஏப்ரல் 11

இனி நான் அந்தக் காட்டுக்குள் நுழையக் கூடாது என்று வனத்துறையிடமிருந்து கடிதம் வந்தது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் நானே படித்துக் காட்டினேன். யாரும் நிமிரவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் மேசையருகே வந்து நின்றாள். "மிச்சமிருக்கிற இலைய வச்சு நான் தொடரட்டுமா, மேடம்?"

உறைபெட்டிச் சாவியைக் கொடுத்தேன்.