எக்ஸில் முடிந்த எண்கள்

செவ்வாய், இரவு

செல்வமணியின் அடையாள அட்டை எண் வீட்டுத் திட்டப் பட்டியலில் இருக்கிறது. ஐந்தாவது கோப்பில் என் கண்ணால் பார்த்தேன். நாலு மணிக்கு வீட்டுத் திட்ட அலுவலக அதிகாரியும் போனில் உறுதிப்படுத்தினார்.

போன வாரம் செல்வமணியிடம் உங்கள் எண் இல்லை என்று சொன்னவன், பட்டியல்களில் ஆட்களுக்குத் தேடிக்கொடுக்கும் நான்தான். அவர் குடும்பத்தார் ஜிந்துப்பிட்டியில் ஒரே அறையில் ஐந்து பேராக இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். என்னை நம்பி அவர் அலுவலகப் பக்கமே போகவில்லை.

பெயர்கள் கோப்புக்குக் கோப்பு வேறு விதமாக இருந்ததால், கணினியில் ஒரே தேடல் கட்டளையில் அடையாள அட்டை எண்களை மட்டும் பிரித்தெடுத்திருந்தேன். புதிய அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கம். பழையதற்கு ஒன்பது இலக்கம், பிறகு வி என்ற ஆங்கில எழுத்து. நான் இருக்கும் வெள்ளவத்தையில் பார்த்த பழைய அட்டைகள் எல்லாம் வியில்தான் முடியும்.

இன்று செல்வமணியே எனக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, என் நம்பரு எக்ஸுல முடியுதுங்க. அப்ப எங்களுக்குக் குடியுரிமையே இல்ல, ஓட்டு இல்லன்னு போட்ட எழுத்து அது. அதையும் சேத்துத்தான் தேடுனீங்களா?"

"இல்லையம்மா."

சிரித்தார். "கம்ப்யூட்டருக்கும் நாங்க கண்ணுல படலையா?"

அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்றேன்.

எக்ஸையும் சேர்த்துக் கட்டளையை மறுபடி ஓட்டினேன். பதினொரு எண்கள் புதிதாக வந்தன. அவற்றில் இன்னொன்றுக்கும் நான் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறேன். மட்டக்குளிக்காரர். அவருடைய போன் மாலையிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

செல்வமணி கையெழுத்து வைக்க நாளை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருப்பார். நான் முதல் பஸ்ஸில் அந்த இன்னொருவரைத் தேடி மட்டக்குளிக்குப் போகிறேன். பட்டியலில் அவர் இருக்கும் தோட்டத்தின், அந்த நெருக்கமான குடியிருப்பின், பெயர் இருக்கிறது, வீட்டு இலக்கம் இல்லை. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.