பம்பு வாயில் கிடந்த பேப்பர்

உ
4 நவம்பர், திங்கள்

காலையில் மழையும் பனியும் கலந்து. அம்மருட் ஸ்டேஷன் படியில் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பினேன். வழுக்காமல் இருக்கப் போடுகிற மண் தூவவில்லை. வேண்டுமென்றுதான் தூவாமல் விடுகிறான், ஸ்டேஷனைப் பார்க்கிறவனுக்கு எங்களைக் கண்டால் ஆகாது.

ஒன்பது மணிக் கோப்பியோடு கூட்டம். முதலாளி ஸ்டைனார் எழுந்து நின்று கதைத்தார். அவர் நின்றால் நல்ல செய்தி இல்லை. அடுத்த வருடத்துக்கு வால்வு ஓடர் ஒன்றும் கிடையாது. கடலில் எண்ணெய் எடுப்பவர்கள் கையை இறுக்கினால் முதலில் தெரிவது எங்கள் பட்டறைக்குத்தான். பத்தொன்பது வருடமாக நான் அளந்து கையெழுத்து வைத்ததெல்லாம் அவர்களுடைய வால்வு.

பிறகு ஒரு நல்ல செய்தி. நோர்வேக் காசு குரோனர் விழுந்ததால் வெளிநாட்டுச் சாமான் எல்லாம் ஆனை விலை. மாடிக் கட்டடங்களுக்குச் சுடுநீர்ப் பம்பு விற்கிற ஒரு கம்பனி இதுவரை இறக்குமதிதான் செய்தது. இப்போது இங்கேயே செய்து தரச் சொல்லிக் கேட்கிறதாம். வார்ப்பு, அடுத்த ஊர் திராமனில் ஒரு பட்டறை. கடைச்சல், பொருத்தல், அளவு பார்த்தல் எங்களிடம். "நோர்வேயில் செய்தது" என்ற தாளில் கையெழுத்து நான். மாதிரிக்கு நாற்பது பம்பு. பிடித்தால் பதினொரு பேருக்கும் வேலை. பிடிக்காவிட்டால் பாதிப் பேர் வீட்டில்.

புது எஞ்சினியர் ஒருவனும் வந்திருக்கிறான், பம்பு தெரிந்தவனாம், போன மாதமே வந்து வார்ப்பு வேலையைப் பார்த்தவனாம். கார்த்திக். (இனிக் கா.) கோயம்புத்தூர்.

"மேடம், நீங்களும் தமிழுங்களா? ரொம்ப சந்தோஷங்க."

"ஓம்" என்றேன். "ஓமா!" என்று சிரித்தான். எனக்குப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஊர் முழுக்கப் பம்பு செய்கிறார்கள். அங்கே இருந்து ஒருவனை ஏன் பிடித்து வர வேண்டும்? யோசிக்க வேண்டிய விஷயம்.

வாங்க: செத்தல் மிளகாய், பல்ப், இவருக்கு இருமல் மருந்து.

உ
6 நவம்பர், புதன்

மழை. தமிழ்க் கடையில் அலுமாரி பாதி வெறுமை. முருங்கைக்காய் இல்லை. "அக்கா, பிளேனிலை எடுத்துக் கட்டாது. இந்தாங்கோ, இது இஞ்சை செய்தது" என்று கடைக்காரர் ஓர் இடியப்பப் பொதியை நீட்டினார். எல்லிங்ஸ்ருட்டில் யாரோ ஒரு பெண் அவிக்கிறாவாம். சிவப்பரிசி மா என்று எழுதியிருக்கிறது. நம்பவில்லை, கோதுமை மா கலந்ததுதான். இவர் நாலு கூடச் சாப்பிட்டார்.

இனி முக்கியமான விஷயம். பன்னிரண்டாவது பம்பை அளக்க எடுத்தேன். வாய்க்குள் விரல் விட்டால் ஏதோ தடக்கியது. இழுத்தேன். சுருட்டி அடைத்த பேப்பர். தமிழ்ப் பேப்பர்! நகைக்கடை விளம்பரம், பெண்ணின் பாதி முகம், மூலையில் "கோவை" என்று பதிப்பின் பெயர்.

பக்கத்து மெஷின் மாரெக் எட்டிப் பார்த்து என்ன என்றான். குப்பை என்றேன். போலந்துக்காரனுக்கு அது கிறுக்கல். எனக்கு அது விலாசம். மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆகத் திராமன் என்பது வெறும் பேய்க்காட்டல். சாமான் வருவது கோயம்புத்தூரிலிருந்து. இங்கே பெயின்ட் அடித்து, என் கையெழுத்தை ஒட்டி, நோர்வே ஆக்குகிறார்கள்.

சந்தேகங்கள்:
வார்ப்புப் பெட்டிகள் ஏன் நான் வருவதற்கு முன் வந்து இறங்குகின்றன?
கா. ஏன் எல்லோருக்கும் முதல் வருகிறான்?
ஸ்டைனாருக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா?
கேக் ஏன் கொண்டுவந்தான்? (செவ்வாய். யாருக்கும் பிறந்தநாள் இல்லை.)

இவர் பஸ் ஓட்டி அலுத்து வந்து சோபாவில் கிடந்தார். பேப்பரைக் காட்டினேன்.

"உமக்கு விசரே? போய் ஸ்டைனாரைக் கேளுமன்."

"அவரும் சேர்ந்து செய்தால்?"

"அப்ப பேசாமல் இரும்."

நல்ல மனுஷன். ஆனால் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது.

உ
8 நவம்பர், வெள்ளி

வெயில், பொய் வெயில், சூடில்லை. புளொக்கின் பொது வாஷிங் அறையில் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் வேறு யாருடையதோ சிவப்புத் துவாய் சுற்றுகிறது. மூன்றாம் மாடிக்காரிதான்.

கோப்பி நேரம் கா. வந்து பக்கத்தில் இருந்தான். மனைவி பெயர் திவ்யா, ஜனவரியில் வருகிறாள், டிக்கெட் எடுத்தாச்சு, வீடு தேடுகிறான், வேலை இருக்கும் வரைதான் விசா. கேட்காமலே இவ்வளவும். கேட்காமல் சொல்பவன் எதையோ மறைக்கத்தான் சொல்கிறான்.

பின்னேரம் உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே அவன் போனில். நான் சப்பாத்து லேஸ் கட்டுவது போலக் குனிந்து நின்றேன். அப்படியே எழுதுகிறேன்:

"அடுத்த பார்சலும் கம்பெனி அட்ரஸுக்கே போட்டுடுங்க... இல்லீங்க, இங்க யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க... பேப்பர் நல்லா சுத்துங்க. போன தடவை ஒண்ணு உடைஞ்சிருச்சு."

போட்டுடுங்க, சுத்துங்க. இவ்வளவு மரியாதையாகக் கதைத்தால் மறுபக்கம் வியாபாரிதான். இனி என்ன ஆதாரம் வேண்டும்!

செவ்வாய்க்கிழமை நாற்பது பம்புக்கும் நான் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்த பிறகு பிடிபட்டால் கள்ளி நான். வைக்காவிட்டால் வீட்டில் இருப்பதும் நான். ஐம்பத்து மூன்று வயதில் யார் என்னை வேலைக்கு எடுக்கப் போகிறார்கள்? பயமாக இருக்கிறது. கோபமும்.

உ
10 நவம்பர், ஞாயிறு

இவர் வேலைக்குப் போன பிறகு எழுதினேன். மொட்டைக் கடிதம். பம்பு வாங்கப் போகிற கம்பனிக்கு. நோர்வேஜிய மொழியில், கப்பிட்டல் எழுத்தில், இடது கையால். நாலு வரி:

இந்தப் பம்புகள் நோர்வேயில் செய்தவை அல்ல. இந்தியாவிலிருந்து வருகின்றன. புது எஞ்சினியரைக் கேளுங்கள். பெட்டிகளைப் பாருங்கள்.

பெயர் இல்லை. இடது கை எழுத்து ஒரு கோணல். நானே எழுதினது என்று எனக்கே தெரியாது. கடித உறையைத் தண்ணீர் தொட்டு ஒட்டினேன், நாக்கால் இல்லை. எங்கள் தெருவில் வேண்டாம் என்று மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அவர்கள் வந்து பார்ப்பார்கள், அவன் பிடிபடுவான், நான் கையெழுத்திலிருந்து தப்புவேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

உ
12 நவம்பர், செவ்வாய்

நாற்பது கையெழுத்து. கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை போல, யாரும் வரவில்லை. கா. பக்கத்தில் நின்று, "அளவெல்லாம் சூப்பருங்களா மேடம்?" என்றான். சூப்பர்தான், அதுதான் எரிச்சல். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

உ
14 நவம்பர், வியாழன்

கடும் குளிர். எழுதவே மனமில்லை.

ஸ்டைனார் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் என் கடிதத்தைப் பெரிதாகக் காட்டினார். வாங்குகிற கம்பனி பிரதி அனுப்பியிருக்கிறது. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நின்றுகொண்டுதான் சொன்னார். கடிதம் கிடைத்த அன்றே அந்தக் கம்பனி ஆள் திராமனுக்குப் போனாராம். உருக்கி ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தாராம். பட்டறைக்காரர் அச்சையும் காட்டினாராம், எங்கள் பெயர் வெட்டிய அச்சு. எல்லாம் உண்மை. பம்பு இங்கேதான் செய்தது.

"ஆனால் அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை" என்றார். "குளிர் தொடங்கிவிட்டது, கட்டடங்களுக்குப் பம்பு வேண்டும். சந்தேகம் என்று வந்தவுடன் அவர்களுடைய மேலிடம் பழைய இறக்குமதிக்காரரிடமே இந்த வருடத்துக்கு வாங்கிவிட்டது. எங்களைக் கோடையில் பார்ப்பார்களாம்."

மாரெக் தன் மொழியில் ஏதோ திட்டினான். அது எனக்குத்தான், ஆள் நான் என்று அவனுக்குத் தெரியாது.

"யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை" என்றார் ஸ்டைனார். "ஆனால் மேலே 2 என்று இருக்கிறது. இது இரண்டாம் பக்கம். முதலாம் பக்கத்தில் என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்தால் பதில் சொல்லலாம். அதை மட்டும் என் மேசையில் வையுங்கள்."

நிமிர்ந்து பார்த்தேன். தாளின் உச்சியில், நடுவில், பிள்ளையார் சுழி.

ஐயோ! இடது கையால், இன்னொரு மொழியில், பெயரில்லாமல் எழுதி, தலையில் பிள்ளையார் சுழி போட்டு அனுப்பியிருக்கிறேன். போட்டதே நினைவில்லை. வீட்டுக்கு வந்து இந்த டயரியைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளுக்கும் மேலே இருக்கிறது. இன்றைக்கும் போட்டிருக்கிறேன்.

அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கா. சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு, இன்றைக்கும் தான் கொண்டுவந்திருந்த கேக்கின் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

உ
15 நவம்பர், வெள்ளி

சொல்லிவிடுவான் என்று காலை முழுக்க ஸ்டைனாரின் கதவையே பார்த்துக்கொண்டு அளந்தேன். சொல்லவில்லை. மத்தியானம் என் அளவு மேசைக்கு வந்தான். முதல் தடவை மேடம் இல்லை.

"அக்கா, ஒரு பம்போட வாயில நான் ஒரு பேப்பர் அடைச்சு வச்சிருந்தேன். பிளாஸ்டிக் மூடி வரல, இரும்புத் தூள் உள்ள போயிரக் கூடாதுன்னு. உங்க கைக்கு வந்துச்சுங்களா?"

"எந்தப் பேப்பர்?"

"அம்மா பார்சல்ல சுத்தி அனுப்புனது. பீங்கான் ஜாடி, ஊறுகாய், காப்பித்தூள். என் ரூம்ல தபால்பெட்டில பேரு இல்லீங்க, அதான் கம்பெனிக்கே அனுப்பச் சொல்றது. என்னென்ன வச்சிருக்காங்கன்னு அந்தப் பேப்பர் ஓரத்துலதான் எழுதியிருந்தாங்க. பாக்காம அடைச்சுட்டேன்."

"நான் காணேல்லை, தம்பி" என்றேன். வாய் கூசாமல்.

தலையை ஆட்டினான். போகும்போது திரும்பி, மெதுவாக, "எங்கம்மா மளிகை லிஸ்ட்டுக்குக்கூட பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிப்பாங்க" என்றான். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டில் பேப்பரை எடுத்தேன். ஒன்பது நாள் வைத்திருந்து, நகைக்கடைப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், முழுக்க விரிக்கவே இல்லை. விரித்தேன். ஓரத்தில் நீலப் பேனா:

உ
எலுமிச்சை ஊறுகாய் 1
காப்பித்தூள் 2
பருப்புப் பொடி (காரம் கம்மி)
திவ்யா கொடுத்த ஸ்வெட்டர்
குளிருக்குக் காதை மூடிக்கோ சாமி

பத்தொன்பது வருடமாக ஒரு மயிரிழை வித்தியாசத்தையும் விடாமல் அளப்பவள் நான். திராமனுக்கு ஒரு போன் எடுக்கவில்லை. ஸ்டைனாரோடு தினமும் ஒரே மேசையில் கோப்பி குடிக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனோ தமிழ், அவனையும் கேட்கவில்லை.

இவரிடம் எல்லாம் சொன்னேன். "அந்தப் பெடியன்ரை மனிசி எப்ப வாறாவாம்?" என்று கேட்டார். நான் அழுதேன்.

18 நவம்பர், திங்கள்

பனி கொட்டுகிறது. படியில் மண் தூவியிருந்தார்கள்.

ஒன்பது மணிக் கூட்டம். ஸ்டைனார் பெயர்களை வாசித்தார், தற்காலிகமாக நிறுத்தப்படுபவர்கள், ஐந்து பேர். கடைசியாக வேலைக்கு வந்தவர் முதலில். முதல் பெயர் கா. அடுத்தது மாரெக். என் பெயர் இல்லை. பத்தொன்பது வருடம் என்னைக் காப்பாற்றுகிறது.

கேள்வி இருக்கிறதா என்றார். கா. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல மாட்டான், அது எனக்கு நிச்சயம். நான் வாயைத் திறக்காவிட்டால் இது இப்படியே முடிந்துவிடும். அவன் பெட்டி கட்டுவான், நான் வேறெதையாவது அளந்துகொண்டிருப்பேன்.

கையை உயர்த்தினேன்.

"முதலாம் பக்கம் என்று ஒன்று இல்லை" என்றேன். "அந்த ஒரு பக்கம்தான். எழுதினது நான்."

மாரெக்கின் கதிரை இழுபட்ட சத்தம். நின்ற ஸ்டைனார் தன் கதிரையில் இருந்துவிட்டார். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்பார் என நினைத்து அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்படியென்றால் மேலே இருக்கிற அந்த 2 என்ன?"

பையில் கொண்டுவந்திருந்த அந்தக் கோவைப் பேப்பரைக் கா.வுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அவன் அதை எடுத்து, அம்மா எழுதிய ஓரத்தை விரலால் நீவி விட்டு, ஸ்டைனாருக்கு ஆங்கிலத்தில் சொன்னான்: "அது எண் இல்லை சார். தொடங்குகிற காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று போடுவது."